கைக்கடிகாரம் யாருடையது? – ஒரு பழுதை முன்வைத்து

விலையுயர்ந்த கைக்கடிகாரத்தின் பழுதைப் பற்றி இலக்கிய வாசகர்களிடம் என்ன பேச்சு என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். லட்சக்கணக்கில் கொடுத்து வாங்குகிறவனுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துச் சரிசெய்துகொள்ளத் தெரியாதா என்ற கேள்வியும் எழும். நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். காக்களூர் நண்பர் ஒருவரின் கடிகாரத்தோடு சில மாதங்கள் அலைய நேர்ந்தபோதுதான், இது பணக்காரர்களின் பொழுதுபோக்குச் சிக்கல் மட்டுமே அன்று என்பது புரிந்தது. பணம் கொடுத்து வாங்கிய ஒரு பொருள் உண்மையில் யாருக்குச் சொந்தம் என்ற பழைய கேள்வி, அந்தச் சிறிய இரும்பு வட்டத்துக்குள் ஒளிந்திருக்கிறது.

நண்பர் காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்கிறார். திருவள்ளூருக்கு ஒரு நிலையம் முன்பாகப் புட்லூரில் இறங்கினால் சென்றடையக்கூடிய பேட்டை அது. பெரிய ஆலைகள் அனுப்பும் வரைபடத்தைப் பார்த்து, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகாமல் இரும்பைக் கடைந்து கொடுப்பது அவருடைய அன்றாடம். அவருடைய தந்தை தொண்ணூறுகளில் வளைகுடா நாடொன்றில் உழைத்துத் திரும்பியவர். திரும்பும்போது தனக்கென்று வாங்கிவந்த ஒரே பொருள் ஒரு சுவிஸ் தானியங்கிக் கடிகாரம். அதைக் கட்டிக்கொண்டுதான் பிள்ளைகளின் திருமணங்களில் நின்றார். அவர் மறைந்து சில மாதங்களில் கடிகாரமும் நின்றுபோனது. வீட்டில் எவருக்கும் அதைத் தூக்கிப்போட மனம் வரவில்லை, விற்கவும் மனமில்லை.

முதலில் சென்னையில் இருக்கும், அந்த நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சேவை மையத்துக்குப் போனோம். குளிரூட்டப்பட்ட அறை, மரியாதையான வரவேற்பு, கணினியில் அச்சிட்ட மதிப்பீடு. குறை சொல்ல ஏதுமில்லை, தொகையைத் தவிர. அது நண்பரின் இரண்டு மாதச் சம்பளத்தைத் தொட்டது. அதைவிட அவரை அதிகம் உறுத்தியது வேறொன்று. டயலையும் முட்களையும் மாற்றியே ஆகவேண்டும் என்றும், பழையவை திருப்பித் தரப்படமாட்டா என்றும், இதற்கு உடன்படாவிட்டால் கடிகாரத்தை ஏற்க இயலாது என்றும் சொன்னார்கள். மங்கிப் பழுப்பேறிய அந்த டயலைத்தான் நண்பர் சிறுவயது முதல் பார்த்து வளர்ந்திருந்தார். "எல்லாத்தையும் மாத்திட்டா அப்புறம் அப்பா கட்டின வாட்ச்சுன்னு எதைச் சொல்றது?" என்று திரும்பும் ரயிலில் கேட்டார். நம்மிடம் பதில் இல்லை.

இந்த இடத்தில் ஒரு தானியங்கிக் கடிகாரத்துக்கு ஏன் பராமரிப்பு தேவைப்படுகிறது என்பதைச் சொல்லிவிடுவது நல்லது. இன்று பரவலாக உள்ள சுவிஸ் இயந்திரங்களில் பேலன்ஸ் சக்கரம் மணிக்கு 28,800 முறை ஆடுகிறது. நொடிக்கு 8 முறை. ஒரு நாளைக்கு 6,91,200 முறை. ஓராண்டுக்கு 25 கோடி முறைக்கும் மேல். இந்த ஓட்டத்தைத் தாங்குவது கண்ணுக்குத் தெரியாத அளவில் வைக்கப்பட்ட எண்ணெய்த் துளிகள். ஆண்டுகள் செல்லச்செல்ல எண்ணெய் வற்றுகிறது, அல்லது பிசினாக இறுகுகிறது. அதன்பின் உலோகத்தோடு உலோகம் உரசத் தொடங்குகிறது. ஆகவே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மெஷினை முழுவதும் பிரித்து, கழுவி, ஒவ்வோர் இணைப்புக்கும் அதற்குரிய எண்ணெயிட்டு மீண்டும் பூட்டவேண்டும். ஒமேகா 5 முதல் 8 ஆண்டுகளுக்கு ஒருமுறை இதைச் செய்யச் சொல்கிறது. ரோலெக்ஸ் ஏறக்குறைய 10 ஆண்டு என்கிறது. நம்முடைய வியர்வையும் ஈரக்காற்றும் கடிகாரத்தின் ரப்பர் வளையங்களைச் சும்மா விடுவதில்லை என்பதால், நீர்க்காப்பை அதைவிட அடிக்கடி சோதித்துக்கொள்வது உசிதம்.

பிரித்துக் கழுவி எண்ணெயிடும் இந்தக் கலையை அறிந்தவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். திருவள்ளூர் கடைத்தெருவில், ஒரு மேசையும் ஒரு விளக்கும் கண்ணில் இடுக்கிய லென்ஸுமாக உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம் கடைசியில் போய்ச் சேர்ந்தோம். அவர் பின்மூடியைத் திறந்து ஒரு நிமிடம் பார்த்தார். "பேருதான் தம்பி பெரிய பேரு. உள்ள இருக்கிறது ஈ.டி.ஏ. மெஷின். இதுக்கு சாமான் கிடைக்கும்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் இருந்த செய்தியை வாசகர்கள் கவனிக்கவேண்டும்.

சொகுசுக் கடிகாரம் என்று விற்கப்படுபவற்றில் பல, குறிப்பாக நடுத்தர விலையில் உள்ளவை, தமக்கென்று தனி இயந்திரம் வைத்துக்கொள்வதில்லை. சுவிட்சர்லாந்தின் ஈ.டி.ஏ. நிறுவனம் செய்யும் 2824 போன்ற பொது இயந்திரங்களே பல பெயர்களுக்குள் ஓடுகின்றன. அதன் காப்புரிமைக் காலம் முடிந்தபிறகு செலிட்டா என்ற நிறுவனம் ஏறக்குறைய அதே அமைப்பில் எஸ்.டபிள்யு. 200 என்ற இயந்திரத்தைச் செய்யத் தொடங்கியது. இந்த இயந்திரங்களைப் பழகிய ஒரு கைவினைஞருக்கு வெளியே எழுதியிருக்கும் பெயர் பொருட்டன்று. குறைந்த செலவில் பழுது நீக்க விரும்புகிறவர் முதலில் தெரிந்துகொள்ளவேண்டியது, தன் கடிகாரத்துக்குள் என்ன மெஷின் இருக்கிறது என்பதைத்தான். பொது இயந்திரம் என்றால் சில ஆயிரங்களில் வேலை முடியும். நிறுவனம் தானே செய்த தனி இயந்திரம் என்றால் கதை வேறு.

பெரியவர் மெஷினைச் சரிசெய்துவிட்டார். வற்றிய எண்ணெயும், வியர்வை இறங்கித் துருவேறிய சாவித் தண்டும்தான் காரணம். தண்டு கிடைத்தது, மெயின் ஸ்பிரிங்கும் கிடைத்தது. கிடைக்காதது வேறொன்று. சாவி திருகி உட்காரும் குழாயின் மரை தேய்ந்திருந்தது. சாவியும் குழாயும் மெஷினைச் சேர்ந்தவை அல்ல, கேஸைச் சேர்ந்தவை. அதாவது கடிகார நிறுவனத்துக்கே உரியவை. அவற்றை அந்த நிறுவனம் வெளியாருக்கு விற்பதில்லை. "காசு குடுக்கத் தயார்னாலும் நமக்குக் குடுக்க மாட்டாங்க தம்பி" என்றார் பெரியவர். நண்பர் அந்தக் குழாயை வெகுநேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அளவு மட்டும் தெரிஞ்சா இதை நானே கடைஞ்சிருவேன்" என்றார்.

நாம் எழுத விரும்பியது இந்தக் காட்சியைப் பற்றித்தான். கைத்திறன் உள்ள ஒருவர் மேசைக்கு இந்தப் பக்கம். உலோகத்தைக் கடையத் தெரிந்த ஒருவர் அந்தப் பக்கம். கடிகாரத்தின் உரிமையாளரும் அவரே. பணமும் இருக்கிறது. இல்லாதது அரிசி மணியளவு உலோகக் குழாய் ஒன்றும், அதன் அளவும். இது பற்றாக்குறையால் வந்த இல்லாமையாகத் தெரியவில்லை. தர மறுப்பதால் வந்தது.

இந்த மறுப்புக்கு ஒரு வரலாறு உண்டு. ஒரு காலத்தில் விற்பவரே பழுதுபார்ப்பவராகவும் இருந்தார். 19ஆம் நூற்றாண்டுச் சென்னையில் மவுண்ட் ரோட்டில் பெயர்பெற்ற பி. ஓர் அண்ட் சன்ஸ், அடிப்படையில் கடிகாரக் கலைஞர்களின் கடை. 1865இல் பம்பாய்க்கு வந்த ஃபாவ்ரே லூபாவும், 1886 முதல் இந்தியச் சந்தையில் இருந்த வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனியும் நம் பாட்டன்மார்களின் மணிக்கட்டுகளில் இடம்பிடித்தன. அந்தக் கடிகாரங்களுக்கு எந்த ஊர்ப் பழுதுபார்ப்பவரும் சாமான் வாங்கிப்போட முடிந்தது. இன்றும் அவற்றில் பல ஓடுகின்றன.

அண்மைக்காலத்தில் நிலை மாறிற்று. ஐரோப்பியக் கடிகாரப் பழுதுபார்ப்போர் சங்கங்களின் கூட்டமைப்பு 2004இல் ஐரோப்பிய ஆணையத்திடம் ஒரு முறையீடு அளித்தது. பெரிய சுவிஸ் நிறுவனங்கள் தனியார் கைவினைஞர்களுக்கு உதிரிபாகம் தர மறுத்து, பழுதுபார்ப்புத் தொழிலையே தம் கைக்குள் வைத்துக்கொள்கின்றன என்பது புகார். 2008இல் ஆணையம் அதைத் தள்ளுபடி செய்தது. 2010இல் ஐரோப்பிய ஒன்றியப் பொது நீதிமன்றம் அந்த முடிவை ரத்துசெய்தது. ஆணையம் மீண்டும் விசாரித்து 2014இல் மறுபடியும் தள்ளுபடி செய்ய, 2017இல் நீதிமன்றம் இந்த முறை ஆணையத்தின் பக்கம் நின்றது. தரம் காக்கவும் போலிகளைத் தடுக்கவும் நிறுவனங்கள் தாம் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டும் பாகங்களைத் தருவதில் தவறில்லை என்ற வாதம் வென்றது. இதற்கிடையில் ஸ்வாட்ச் குழுமம், 2015ஆம் ஆண்டின் இறுதியோடு உதிரிபாக மொத்த வியாபாரிகளுக்கான விநியோகத்தை நிறுத்துவதாக அறிவித்து, அதுவும் நீதிமன்றங்களுக்குப் போயிற்று. ஐரோப்பாவில் அடைபட்ட குழாயில் திருவள்ளூர்க் கடைத்தெருவுக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்?

நிறுவனங்களின் தரப்பில் நியாயமே இல்லை என்று நாம் சொல்லவரவில்லை. போலிக் கடிகாரங்களும் போலிப் பாகங்களும் இந்தியச் சந்தையில் எவ்வளவு புழங்குகின்றன என்பது எவருக்கும் தெரியும். நம் ஊர்ப் பழுதுபார்ப்பவர்கள் எல்லாரும் அந்தப் பெரியவரைப் போன்றவர்களும் அல்லர். பின்மூடியைக் கத்தியால் நெம்பிக் கீறுகிறவர்கள் இருக்கிறார்கள். தையல் இயந்திர எண்ணெயை ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல பாகத்தைக் கழற்றிக்கொண்டு மட்டமானதைப் பொருத்தி அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் மோசமான பழுதுபார்ப்பவனைத் தடுக்கும் வழி, நல்லவனையும் சேர்த்துப் பட்டினி போடுவதா? பயிற்சியும் கருவிகளும் உள்ளவர் என்று சான்று பெற்றவருக்கு நியாயமான விலையில் பாகத்தை விற்பதில் எந்தத் தரம் கெட்டுவிடும்? அசல் பாகம் தாராளமாகக் கிடைக்கும் இடத்தில் போலிப் பாகத்துக்குத் தேவை குறையும் என்பதே நம் எண்ணம்.

இதற்கு எதிர்முனையில் ஒரு கடிகாரத்தை நினைத்துப் பார்க்கலாம். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு 1961இல் பெங்களூரில் தொடங்கிய எச்.எம்.டி. கடிகாரத் தொழிற்சாலை, இந்த நாட்டின் பள்ளி ஆசிரியர்களுக்கும் குமாஸ்தாக்களுக்கும் நேரம் காட்டியது. 'ஜனதா' என்ற சாவி கொடுக்கும் கடிகாரம் அதன் அடையாளம். எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஆனால் ஒரு ஜனதாவை இன்று எந்த ஊர்க் கடையில் கொடுத்தாலும் அதைத் திறக்கத் தெரிந்தவர் இருக்கிறார்; பழைய கடிகாரங்களிலிருந்து எடுத்த பாகமாவது கிடைக்கிறது. பெற்ற நிறுவனம் மறைந்துவிட்ட கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. நிறுவனம் செழிப்பாக வாழும் கடிகாரமோ ஒரு குழாய்க்காகக் காத்திருக்கிறது. தலைமுறை தலைமுறையாக வரும் என்று விளம்பரம் செய்யப்படுவது இரண்டாவது கடிகாரம்தான் என்பதை நினைத்தால் கசப்பான சிரிப்பு வருகிறது.

நம் நாட்டின் சட்டங்கள் இந்தப் பக்கம் முற்றிலும் திரும்பிப் பார்க்காமல் இல்லை. கார் நிறுவனங்கள் தம் உதிரிபாகங்களையும் தொழில்நுட்ப விவரங்களையும் வெளிப் பட்டறைகளுக்குத் தராமல் பூட்டி வைத்திருப்பதாக எழுந்த வழக்கில், இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அந்த உத்தரவு பின்னர் மேல்முறையீடுகளுக்கு உள்ளானது என்றாலும், வாங்கியவன் தன் பொருளைத் தான் விரும்பிய இடத்தில் பழுதுபார்க்க வழியிருக்கவேண்டும் என்ற கருத்து அதில் பதிவாகிவிட்டது. 2022இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுதுநீக்கும் உரிமை' குறித்து ஒரு குழுவை அமைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் ஓர் இணையவாசலையும் திறந்தது. வேளாண் கருவிகள், கைப்பேசிகள், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் ஆகிய நான்கு துறைகளை முதலில் எடுத்துக்கொண்டார்கள். அந்த வரிசையில் கடிகாரம் இல்லை. டிராக்டரும் கைப்பேசியும் முந்திக்கொள்வது நியாயமே. ஆயினும் இனியும் தள்ளிப்போடக் கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு நாடுகளோடு இந்தியா 2024 மார்ச்சில் கையெழுத்திட்ட வர்த்தக ஒப்பந்தம் 2025 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. சுவிஸ் கடிகாரங்களின் மீதான சுங்கவரி அதன்படி படிப்படியாகக் குறைகிறது. வரி குறைந்தால் கடிகாரங்கள் இன்னும் அதிகமாக வரும். அவற்றைத் திறக்கும் கைகளுக்குப் பாகம் வருமா என்பதையும் அரசு கேட்டிருக்கவேண்டும்.

தமிழகத்துக்கு இதில் தனிப் பொறுப்பும் உண்டு. டாடாவோடு சேர்ந்து 1984இல் டைட்டனைத் தொடங்கியது இந்த மாநில அரசின் டிட்கோ. ஓசூரில் நம் பிள்ளைகள் மயிரிழை நுட்பத்தில் கடிகாரம் செய்யக் கற்றார்கள், 1.15 மில்லிமீட்டர் தடிமனே உள்ள இயந்திரத்தோடு எட்ஜ் கடிகாரம் வெளிவந்தது அங்கிருந்துதான். மறுபுறம் சிட்கோ பேட்டைகளில் துல்லியமாகக் கடையத் தெரிந்த கைகள் இருக்கின்றன. சிறுதொழில்களுக்குப் பொது வசதி மையம் அமைக்கும் அரசுத் திட்டங்கள் ஏற்கெனவே உள்ளன. ஓட்டத்தை அளக்கும் கருவி, ஒலியலையில் கழுவும் தொட்டி, நீர்க்காப்புச் சோதிக்கும் இயந்திரம் ஆகியவற்றைத் தனியொரு பழுதுபார்ப்பவர் வாங்குவது கடினம். இருபது பேர் கூடிப் பயன்படுத்த ஒரு கூடம் அமைப்பது கடினமன்று. அம்பத்தூரிலோ காக்களூரிலோ அப்படி ஒன்று ஏன் இருக்கக் கூடாது? பெரியவரின் மேசைக்கு அருகே இன்னொரு நாற்காலி இல்லை என்பதையும் அன்று கவனித்தோம். அவருக்குப் பின் அந்த லென்ஸை யார் கண்ணில் வைப்பார்கள்?

சட்டமும் கூடமும் வரும்வரை வாசகர்கள் என்ன செய்யலாம்? நாம் அலைந்து கற்றவற்றைச் சொல்லிவிடுகிறோம். கடிகாரம் திடீரென்று வேகமாக ஓடத் தொடங்கினால் உடனே ஓவர்ஹாலுக்குச் சம்மதிக்காதீர்கள். ஒலிபெருக்கி, கைப்பேசி உறை முதலியவற்றிலுள்ள காந்தம் ஏறி ஹேர் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒட்டிக்கொண்டிருக்கலாம். காந்தம் நீக்கும் கருவி இருந்தால் அது சில நிமிட வேலை. உத்தரவாதக் காலம் முடியாத கடிகாரத்தை வெளியே திறக்கவிடாதீர்கள். தனி இயந்திரம் உள்ளதையும், ஆழ்நீரில் அணிவதையும் செலவானாலும் நிறுவனத்திடமே கொடுப்பது பத்திரம். மற்றவற்றுக்கு, தொழிலில் பல ஆண்டு கண்ட ஒருவரைத் தேடுங்கள். உங்கள் எதிரிலேயே மூடியைத் திறக்கச் சொல்லி, மெஷினைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். செய்யப்போகும் வேலையையும் தொகையையும் எழுதி வாங்குங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் ஓட்டத்தின் அளவைக் காட்டச் சொல்லுங்கள். கழற்றிய பாகங்களைத் திரும்பக் கேளுங்கள். சொல்லாமல் பாலிஷ் போடக் கூடாது என்று முதலிலேயே தெரிவித்துவிடுங்கள். ஒவ்வொரு பாலிஷிலும் கேஸின் உலோகம் கொஞ்சம் தேய்ந்துபோகிறது. கடைசியாக, அவர் கேட்கும் கூலியில் பேரம் பேசி நூறு இருநூறு குறைக்காதீர்கள். மலிவு வேறு, நியாய விலை வேறு. அந்தக் கூலி கட்டுப்படியானால்தான் அந்த மேசைக்கு அருகே இன்னொரு நாற்காலி வரும்.

நண்பரின் கடிகாரம் இப்போது ஓடுகிறது. டயல் அதே பழுப்பு. முட்கள் அதே முட்கள். தேய்ந்த குழாய் அப்படியே இருப்பதால் சாவி இறுக மூடுவதில்லை. தண்ணீர் படக்கூடாது என்று பெரியவர் எச்சரித்து அனுப்பியிருக்கிறார். ஆகையால் மழை நாட்களில் நண்பர் அதை அலமாரியில் வைத்துவிட்டுப் பட்டறைக்குப் போகிறார். அங்கே எவருடைய இயந்திரத்துக்கோ வேண்டிய பாகங்களை, அளவு பிசகாமல், நாளெல்லாம் கடைந்துகொண்டிருக்கிறார்.